மாதர் சங்கம் காபி கிளப்புக்குப் போனது

எங்கள் ஊர் மாதர் சங்கம் உலகத்துப் பெண்களுக்காக நிறையப் பாடுபட்டது. துருக்கியில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் வந்த கையோடு தருமபுரியில் வாழ்த்துத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சீனாவில் பெண் குழந்தைகளின் காலைக் கட்டிச் சிறுக்க வைக்கிறார்களாமே, அதைக் கண்டித்து ஒன்று. எங்கோ ஒரு தேசத்தில் ஒருத்தி தன்னந்தனியாக ஆகாய விமானம் ஓட்டிக் கடலைத் தாண்டினாள் என்று கேள்விப்பட்டதும் அவளைப் பாராட்டி ஒன்று. துருக்கித் தீர்மானத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. அது தலைவி வீட்டு அலமாரியில் பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்ட சேதி துருக்கிக்காரிகளுக்கு இன்றுவரை தெரியாது.

தலைவியை ஊரில் வக்கீலம்மா என்பார்கள். வக்கீல் அவரில்லை, அவருடைய வீட்டுக்காரர். ஆனால் இரண்டு பேரில் யார் வாதாடினால் ஜெயிக்கும் என்று ஊருக்குத் தெரியும். மதராஸிலிருந்து அவருக்குத் தபாலில் பத்திரிகைகள் வரும். கூட்டத்தன்று அவற்றைப் படித்து, எந்த நாட்டில் பெண்கள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று விளக்குவார். அதற்கு முன்னால் ஹார்மோனியம், கடைசியில் சுண்டல். என் அம்மா ஹார்மோனியத்துக்காகப் போவாள், நான் சுண்டலுக்காகப் போவேன். உலகப் பெண்கள் இடையில் வருவார்கள், போவார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. அப்பாவுக்குப் புளி மண்டி. வீட்டில் எப்போதும் புளி வாசனை, வாசலில் எப்போதும் புளியங்கொட்டை. ஊரில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாவதோடு நின்றிருந்த அதை எட்டாவது வரைக்கும் நீட்டியிருந்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பெரிய வகுப்புகளுக்குப் பெண் டீச்சர்தான் இருக்க வேண்டும், அதுவும் டிரெயினிங் முடித்தவராக. வளர்ந்த பெண்ணை ஆண் வாத்தியார் முன்னால் உட்கார வைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். டிரெயினிங் முடித்த பெண்களோ எங்கள் பக்கத்தில் கிடையாது. வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் வந்த டீச்சர் சில மாதங்களிலேயே இளைத்துத் துரும்பாகிக் கிளம்பிவிட்டார். இரண்டாவதாக வந்தவர்தான் எங்கள் டீச்சரம்மா. மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டிறங்கி, சின்ன ரயிலில் மாறி வந்தார். அந்தச் சின்ன ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, கூட யாரும் இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண் குடையைத் தானே பிடித்துக்கொண்டு தனியாக நடந்து வந்ததைப் பார்க்க அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வரைக்கும் ஆள் நின்றது.

பள்ளிக்கூடக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இவரும் போய்விட்டால் பெரிய வகுப்புகளை மூடிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைவிடக் கண்டிப்பான ஒரு பேச்சு இருந்தது. பள்ளிக்கூடம் மூடினால் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என் மாமன் மகன். அவன் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. நல்ல பையன், மாடுகளிடம் பிரியமாக இருப்பான், மாடுகளிடம் மட்டும்தான் பேசுவான். எனக்கு எட்டாவது படிக்க வேண்டும். அதனால் டீச்சரம்மாவின் உடம்பை நான் ஒரு வைத்தியரைப் போலக் கவனித்து வந்தேன்.

கவனித்ததில் எனக்குப் பயம் பிடித்தது. டிக்டேஷன் போடும்போது திங்கட்கிழமை கணீரென்று இருக்கும் குரல் வெள்ளிக்கிழமைக்குள் பாதியாகிவிடும். காரணம் சாப்பாடு. டீச்சரம்மாவுக்குச் சம்பளம் இருந்தது, தங்க இடம் இருந்தது, சாப்பிட இடம் இல்லை. அறை கொடுத்திருந்தவர்கள் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம். தங்கமான மனிதர்கள், ஆனால் அடுப்பு மட்டும் கூடாது என்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு புகைந்தால் அந்தக் குடும்பம் பாகம் பிரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் வீட்டில் நான்கு மருமகள்கள் இருந்ததால் அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

சரி, எந்த வீட்டிலிருந்தாவது சோறு அனுப்பலாமே என்றால் அங்கே ஜாதி குறுக்கே நின்றது. டீச்சரம்மா என்ன ஜாதி என்று யாருக்கும் தெரியாது. உசந்த ஜாதியாக இருந்தால் நம் வீட்டுச் சோற்றைத் தொட மாட்டார், தாழ்ந்ததாக இருந்தால் நம் பாத்திரம் என்னாவது என்று எல்லா வீட்டிலும் ஒரே கணக்குப் போட்டார்கள். நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூட ஜாதி என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் அவர். அந்த ஜாதிக்கு ஊரில் யாரும் சோறு போட்டதில்லை.

கடைத்தெருவில் ஒரு காபி கிளப் இருந்தது. இப்போது ஓட்டல் என்கிறோமே, அதுதான். முதலாளி கன்னடக்காரர். தோசை வாசனை தாலுகா ஆபீஸ் வரைக்கும் போகும். ஆனால் பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அன்றைக்கு யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாத சட்டங்கள்தான் அன்றைக்கு அதிகம். பெண்களுக்கு வேண்டுமானால் பின்வாசலில் தூக்குப் போசியைக் கொடுத்தனுப்பி வாங்கிக்கொள்ளலாம். பின்வாசல் சந்தில் எச்சில் இலைக் குவியல், பாத்திரம் கழுவிய தண்ணீர், அதைக் காவல் காக்கும் நாய்கள். டீச்சரம்மா கொஞ்ச நாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்று பார்த்தார். முன்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சியதுதான் பின்பக்கம் வரும். அப்புறம் அவர் பொரிக்கும் வாழைப்பழத்துக்கும் மாறிவிட்டார்.

அந்தச் சந்திலேயே வெளியே நின்று கொட்டாங்குச்சியில் காபி வாங்கிக் குடித்தவர்களும் உண்டு. ஆணானாலும் பெண்ணானாலும் அவர்களுக்கு முன்வாசலும் கிடையாது, போசியும் கிடையாது. சங்கத்துத் தீர்மானங்கள் எதிலும் அவர்கள் பேச்சு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. துருக்கி எங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உலகப் பெண்களின் முன்னேற்றம் என்ற தலைப்பில் பேச டீச்சரம்மாவைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். வழக்கம் போல முதலில் ஹார்மோனியம். சுண்டலைக் கூட்டம் முடிந்துதான் கொடுப்பார்கள். ஆனால் அன்று டீச்சரம்மா எழுந்து நின்று, சுண்டலை முதலில் கொடுத்துவிட்டால் பேச்சு நன்றாக வரும் என்றார். வக்கீலம்மா திகைத்துப் போய்க் கொடுக்கச் சொன்னார். டீச்சரம்மா தன் பங்கைத் தின்றார். பக்கத்தில் இருந்த அத்தர் கடைக்காரம்மா தன் பங்கை நீட்டியதும் அதையும் தின்றார். அதைப் பார்த்த என் அம்மா என் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கொடுத்தாள். அதையும் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

"உலகத்துல மத்த பொண்ணுங்க எவ்வளவோ தூரம் போயிட்டாங்கங்க. நான் காபி கிளப்பு வரைக்கும் போகணும். எனக்கு வயிறாரச் சோறு கிடைச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்படியே இருந்தா அடுத்த மாசம் ஊருக்குக் கிளம்பிடுவேனுங்க." அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மாமன் மகன் மாட்டைக் குளிப்பாட்டுவது கண்ணுக்குள் தெரிந்தது. வக்கீலம்மா முகம் சிவந்து போய் உட்கார்ந்திருந்தார். அவரைச் சும்மா சொல்லக் கூடாது. வெட்கப்படத் தெரிந்தவர், வெட்கப்பட்டால் சும்மா இருக்கத் தெரியாதவர். சங்கம் மொத்தமும் கிளப்புக்குப் போய் டீச்சரம்மாவோடு உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவது என்று அங்கேயே தீர்மானம் போட்டார். விலாசம் தெரிந்த முதல் தீர்மானம் அதுதான்.

கிழமை குறிப்பதில் சிக்கல் வந்தது. திங்கட்கிழமை பாதிப் பேருக்குச் சோமவார விரதம். செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கும் சனீசுவரனுக்கும். ஞாயிறு வீட்டில் ஆண்கள் இருப்பார்கள், நகர முடியாது. புருஷனுடைய ஆயுசுக்கும் பிள்ளைகளுடைய படிப்புக்குமாக எங்கள் ஊர்ப் பெண்கள் வாரம் பூராவும் பட்டினி கிடந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மிஞ்சியது புதன். புதன் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். வெந்நீர் வைத்து, சீயக்காய் கரைத்து, மிளகு ரசம் வைத்து அவர்களை ஒரு வழியாக்க மத்தியானம் தாண்டிவிடும். ஆகவே புதன்கிழமை சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால் என்று முடிவாயிற்று. அத்தர் கடைக்காரம்மா தனக்கு எந்தக் கிழமையானாலும் சரி என்றார், நோன்பு மாதம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வக்கீலம்மா முறைப்படி முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பினார். முதலாளி பதறிப் போய் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கிளப்புக்குள் ஏற்கெனவே ஒரு மூங்கில் தட்டி இருந்தது. பிராமணர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். பெண்களுக்கென்று இன்னொரு தட்டி வைத்தால் தான் எங்கே நின்று காசு வாங்குவது என்பது அவர் கவலை. தட்டியே வேண்டாம் என்றார் வக்கீலம்மா. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "பேடாம்மா, பேடா, வேண்டாம்மா. ஆம்பளைங்க வரமாட்டாங்க" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். ஆண்கள் ஏன் வரமாட்டார்கள் என்பதற்கு மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. புதன்கிழமை அது எங்களுக்கே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் எட்டுப் பத்துப் பெண்கள் வக்கீலம்மா வீட்டிலிருந்து வரிசையாகக் கிளம்பினோம். எல்லோரும் கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுச் சேலை கட்டியிருந்தார்கள். டீச்சரம்மா மட்டும் நூல் சேலை, கையில் குடை. கிளப் வாசற்படியில் வக்கீலம்மாவின் கால் பட்டதும் உள்ளே ஒரு கலவரம். ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் பாதிப் பேர் அங்கே தோசைக்கு முன்னால் இருந்தார்கள். மிளகு ரசமும் பத்தியச் சோறும் தின்றுவிட்டு மண்டிக்கும் ஆபீசுக்கும் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். தங்கள் தங்கள் மனைவிமார் ஊர்வலமாக வருவதைக் கண்டதும் பெஞ்சு கவிழ, தம்ளர் உருள, பின்வாசல் வழியாகப் பறந்துவிட்டார்கள். நாய்கள் குரைக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இத்தனை நாள் பெண்களுக்கென்று வைத்திருந்த வாசல் அன்று ஆண்களுக்குப் பயன்பட்டது.

டீச்சரம்மா போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் நின்றார்கள். உட்காருங்க, உட்காருங்க என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே நின்றார்கள். நீங்க மொதல்ல என்கிறார் ஒருவர், பெரியவங்க நீங்க இருக்கும்போதா என்கிறார் இன்னொருவர். முதலாளி மேசைக்குப் பின்னால் சாமி படத்தைப் பார்த்தபடி நின்றார். பரிமாறுகிறவர் நரைத்த தலைக்காரர். ஆயுசில் வீட்டுக்கு வெளியே ஒரு பெண்ணுக்கு இலை போட்டதில்லை. சமையற்கட்டுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை.

மேசைகளில் ஆண்கள் பாதியில் விட்டுப் போன இலைகள் அப்படியே கிடந்தன. அதைத்தான் என் அம்மாவால் தாங்க முடியவில்லை. கண்ணெதிரே எச்சில் இலை கிடக்கும்போது அவளால் நிற்கவே முடியாது. ஒரு இலையை மடித்தாள், பிறகு அடுத்ததை. அதைப் பார்த்ததும் இன்னொருவர் தண்ணீர் தெளித்து மேசையைத் துடைத்தார். சமையற்கட்டில் தோசை கருகுகிற வாசனை வந்தது. ஐயோ தீயுதே என்று ஒரு அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். சாம்பார் வாளியோடு இன்னொருவர் வெளியே வந்தார். நான் ஒரு தோசையைத் தின்று முடிப்பதற்குள் மாதர் சங்கம் அந்தக் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மைசூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். ஊர் நடப்பு எதுவும் தெரியாதவர். உட்கார்ந்து இரண்டு தோசை கேட்டார். பக்கத்தில் நின்றிருந்தவர் எங்கள் தலைவி. உலகப் பெண்களின் உரிமைகளை விரல் நுனியில் வைத்திருந்த அந்த வக்கீலம்மா, காசிப் பட்டுச் சேலையோடு, ஒரு வார்த்தை பேசாமல் அவருக்கு இலை போட்டார். இரண்டு தோசை வைத்தார். இன்னும் கொஞ்சம் சட்னி என்றார் வியாபாரி. வைத்தார். போகும்போது வியாபாரி முதலாளியிடம், இப்போதுதான் கிளப்பு சுத்தமாக இருக்கிறது, இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் இங்கேதான் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் வக்கீலம்மா தன் கையிலிருந்த சட்னிக் கரண்டியைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கை வேலையை நிறுத்தினார்கள். வாளியும் துடைப்பமும் அப்படியே கையில் இருந்தன. டீச்சரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. "சாப்பிட வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா? ஒரு தடவையாவது உட்காருங்களேன்" என்றார். யாரும் உட்காரவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும்.

ஊர் சிரித்தது. பெண்கள் உரிமை கேட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கிவிட்டு வந்தார்கள் என்று சந்தைக்கு வந்தவர்கள் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள். அதியமான்கோட்டையிலிருந்து என் மாமா இதைக் கேட்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வந்ததுதான் வந்தோம் என்று கல்யாணப் பேச்சையும் எடுத்தார். எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. பின்வாசலில் ஓடினவர்களைப் பற்றி யாராவது சிரித்தார்களா என்றால் இல்லை. ஓடினவர்கள்தானே சொல்கிறவர்கள்.

ஆனால் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வக்கீலம்மாவிடம் வந்தார். டீச்சரம்மாவும் சின்னப் பொண்ணும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கூரை இடிந்து விழவில்லை, ஆண்களும் மறுநாளே திரும்பி வந்துவிட்டார்கள், ஆகையால் டீச்சரம்மா தினமும் சாயங்காலம் வந்து வயிறார உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். ஆனால் ஒற்றைப் பெண்ணாக உட்காரக் கூடாது. சங்கத்திலிருந்து வளர்ந்த ஒரு அம்மாள் தினமும் கூட வர வேண்டும். வந்து உட்கார வேண்டும். தானும் சாப்பிட வேண்டும். சமையற்கட்டுப் பக்கம் கண்டிப்பாக வரக் கூடாது. ஒரு நாள் ஆள் வராவிட்டாலும் பழையபடி பின்வாசல்தான்.

சங்கம் முறை வைத்துக்கொண்டது. சுண்டலுக்கு வைத்திருந்த காசு தோசைக்குப் போயிற்று. முதல் நாள் வக்கீலம்மா போனார். வீட்டுக்காரர் சாப்பிடாதபோது தான் சாப்பிட்டது குற்றம் மாதிரி இருந்தது என்று மறு கூட்டத்தில் சொல்லிவிட்டு, ஆனால் வடை நன்றாக இருந்தது என்றும் சொன்னார். அத்தர் கடைக்காரம்மா ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முகத்திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று இட்லி தின்றார். பயந்து பயந்து போனவர்கள் எல்லோரும் போய்விட்டு வந்ததும் அடுத்த முறை எப்போது என்று கேட்டார்கள். டிக்டேஷன் போடும் குரல் வெள்ளிக்கிழமையும் கணீரென்று கேட்க ஆரம்பித்தது.

என் அம்மா மட்டும் நழுவிக்கொண்டே இருந்தாள். தலைவலி என்று ஒரு முறை, மண்டிக்குப் புளி வந்திருக்கிறது என்று ஒரு முறை, தன் முறையை யாரிடமாவது தள்ளிவிடுவாள். ஒரு நாள் தள்ளிவிட ஆளில்லாமல் போயிற்று. இருவர் ஊரில் இல்லை, ஒரு வீட்டில் பிரசவம், ஒரு வீட்டில் துக்கம், மற்றவர்களுக்கு விரதம். காலையில் வக்கீலம்மா சொல்லியனுப்பினார், இன்றைக்கு நீங்கள் போகாவிட்டால் யாருமில்லை என்று. அப்பா அதைக் கேட்டுவிட்டார். மண்டிக்காரன் பெண்டாட்டி கிளப்பில் உட்கார்ந்து தின்றாள் என்று நாலு பேர் பேச வேண்டுமா, போகக் கூடாது என்றார். சொல்லிவிட்டுக் கதை முடிந்தது போலத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள் தப்பினால் பின்வாசல். பின்வாசல் என்றால் டீச்சரம்மா சின்ன ரயில் ஏறிவிடுவார். அப்புறம் நான் அதியமான்கோட்டையில் மாடுகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து எடுத்த தோசையை அவர் தட்டில் போட்டாள். அடுத்ததை என் தட்டில் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அந்தப் பச்சைக் கரைத் துண்டுல சட்னிக் கறை இன்னும் போகலீங்க. நானும் மூணு தரம் தொவச்சுப் பாத்துட்டேன்."

அப்பா தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். பச்சைக் கரைதான். புதன்கிழமை கிளப்பில் இலைகளை எடுத்தபோது அவர் பெஞ்சின் மேல் விட்டு ஓடிய அதை அம்மா எடுத்து மடியில் செருகிக்கொண்டதை நான் அப்போது பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து துவைத்து, மடித்து, கொடியில் போட்டிருக்கிறாள். அவரும் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளும் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அதற்கு மேல் தோசை கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு, போறதுன்னா வெளிச்சத்தோட வூட்டுக்கு வந்து சேரு என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார்.

சாயங்காலம் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். சுவரோரப் பெஞ்சில் டீச்சரம்மா, நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான். ஆண்கள் நாலைந்து பேர் தூரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலைக்காரர் அதற்குள் பழகிப் போயிருந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கிற தோசையை அம்மாவின் இலையில் முதலில் வைத்தார். அம்மா உடனே அதை எடுத்து என் இலையில் வைத்தாள். டீச்சரம்மா கை நீட்டி அதைத் திரும்ப எடுத்து அம்மாவின் இலையில் வைத்தார். அம்மா அந்தத் தோசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரிதாக ஒரு விள்ளல் பிய்த்து நேராக வாயில் போட்டுக்கொண்டாள்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமா என்று கேட்டு டீச்சரம்மா தண்ணீரை நகர்த்தினார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"காரமில்லீங்க, சுடுது. கல்லுலேர்ந்து எடுத்த தோசைய நான் தின்னதே இல்லீங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எத்தனை வருஷமாக அவள் வார்த்த தோசையைச் சுடச்சுடத் தின்றிருக்கிறேன். எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் தின்ற தோசை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அம்மா அடுத்த விள்ளலை எடுத்து, இந்தத் தடவை புத்தியாக ஊதி ஊதித் தின்றாள். தின்று முடித்ததும் நரைத்த தலைக்காரரைப் பார்த்து, தானே வாயைத் திறந்து, இன்னொன்று கேட்டாள்.

வீடு திரும்பும்போது வழியெல்லாம் நாக்கு எரிச்சலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள், அதில் அவளுக்கு ஒரு பெருமை. மறுநாள் முறை வக்கீலம்மாவுடையது. அம்மா என்னிடம் சொல்லியனுப்பினாள், அவங்களுக்கு வேலை இருந்தா நானே போறேன்னு சொல்லு என்று. அதற்கடுத்த முறைக்காரருக்கும் அதே சேதி போயிற்று. டீச்சரம்மா ஊரை விட்டுப் போகவில்லை. நான் எட்டாவது தேறினேன், அதற்கு மேலும் போனேன். மாமா கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் சாயங்கால வேளையில் வண்டி கட்டி வந்தார். வந்தவரிடம் பதில் சொல்ல அம்மா வீட்டில் இருந்ததில்லை.